பொழியூர் கால்பந்து: சந்தோஷ் டிராபிக்கு ஆள் தரும் ஊரில் ஒரு சின்ன கிளப்புக்கு என்ன மிஞ்சுகிறது?

2018 ஏப்ரல் 1. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் சந்தோஷ் டிராபி இறுதிப் போட்டி. கூடுதல் நேரம் முடிந்தும் கேரளா 2, மேற்கு வங்கம் 2. பெனால்டி ஷூட்-அவுட்டில் கேரளாவின் நான்காவது உதையை அடிக்க வந்தவர் அணியின் துணை கேப்டன் எஸ். சீசன். பந்து வலைக்குள் போனது. 4-2. 14 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை கேரளாவுக்கு வந்தது.

சீசனின் ஊர் பொழியூர். கேரளாவின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மீனவக் கிராமம். அடுத்த ஆண்டு நெய்வேலியில் நடந்த தென்மண்டலத் தகுதிச் சுற்றுக்கு அவரே கேரள கேப்டன். மாநில அணி, வங்கி அணி, போலீஸ் அணி என்று இந்த ஊர்ப் பையன்கள் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த வீரர்களைச் சின்ன வயதில் மணலில் ஓடவிட்டுப் பழக்கியது எஸ்.எம்.ஆர்.சி. போன்ற உள்ளூர் கிளப்கள். வீரர் மேலே போகும்போது அந்த கிளப்புக்கு என்ன கிடைக்கிறது? பெரும்பாலும் சுவரில் மாட்ட ஒரு போட்டோ. அது ஏன் அப்படி, அதை மாற்ற முடியுமா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பொழியூர் எங்கே இருக்கிறது?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் ரயிலில் வந்தால், கேரளாவின் கடைசி ஸ்டேஷன் பாறசாலை. அங்கிருந்து கடலைப் பார்த்து மேற்கே போனால் குளத்தூர் பஞ்சாயத்து. அதன் கடற்கரைப் பகுதிதான் பொழியூர். வருவாய்த்துறைக் கணக்கில் நெய்யாற்றின்கரை தாலுகா. வடக்கே பூவாரில் நெய்யாறு கடலில் சேருகிறது. 'பொழி' என்றால் ஆறு கடலில் கலக்கும் வாய். ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது.

தெற்கே கொஞ்ச தூரம் மணலில் நடந்தால் நீரோடி. அது கன்னியாகுமரி மாவட்டம். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று வரிசையாக மீனவ ஊர்கள். ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போவதற்குப் பெயர் பெற்ற பகுதி. கால்பந்துக்கும்தான். ஐ.எஸ்.எல்.லில் ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. அணிகளுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்.

இரண்டு பக்கமும் ஒரே தொழில். பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள தூத்தூர் வட்டார ஊர்களும் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அதாவது, சர்ச் கணக்கில் எல்லையே கிடையாது. ஆனால், கால்பந்துக் கணக்கில் உண்டு.

1956-ல் போட்ட கோடு ஆட்டத்தை எப்படிப் பிரித்தது?

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. நெய்யாற்றின்கரை கேரளாவிலேயே இருந்துவிட்டது. அதனால் நீரோடி இங்கே, பொழியூர் அங்கே.

இந்தியாவில் கால்பந்து மாநிலச் சங்கங்கள் வழியாக நடக்கிறது. கிளப் முதலில் மாவட்டச் சங்கத்தில் சேர வேண்டும். மாவட்டச் சங்கம் மாநிலச் சங்கத்தின் கீழ். மாநிலச் சங்கம் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் (ஏ.ஐ.எஃப்.எஃப்.) கீழ். பொழியூர் கிளப் திருவனந்தபுரம் மாவட்டச் சங்கத்துக்குப் போகும். நீரோடி கிளப் கன்னியாகுமரி மாவட்டச் சங்கத்துக்குப் போகும்.

சங்கத்தில் சேர்வதற்கு முன்பு கிளப்பை சொசைட்டியாகப் பதிவு செய்ய வேண்டுமே, அதற்குக்கூடச் சட்டம் வேறு. நெய்யாற்றின்கரைப் பக்கம் 1955-ம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி சட்டம். குமரிப் பக்கம் 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது 7 பேர் வேண்டும் என்பது மட்டும் இரண்டிலும் பொது.

தூரத்தையும் பாருங்கள். பொழியூரிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 30 கிலோமீட்டர். போலீஸ் அணி, வங்கி அணி, 2024-ல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் ஆடும் திருவனந்தபுரம் கொம்பன்ஸ், எல்லாமே பஸ் தூரத்தில். நீரோடிப் பையனுக்கும் அதே திருவனந்தபுரம்தான் பக்கம். ஆனால், அவனுடைய மாநிலச் சங்கத்தின் தலைமை சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி, சென்னையில். ஒரே கடற்கரையில் ஒன்றாக விளையாடும் இரண்டு பையன்களுக்கு இரண்டு வேறு வழிகள்.

'அமெச்சூர் கிளப்' என்றால் என்ன?

பணம் வாங்காமல் விளையாடுவது என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். ஃபிஃபா விதியில் இன்னும் தெளிவாக இருக்கிறது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமும், விளையாட ஆகும் செலவைவிட அதிகமான ஊதியமும் இருந்தால் அவர் தொழில்முறை வீரர். மற்ற எல்லோரும் அமெச்சூர். பஸ் காசும் சாப்பாடும் ஷூவும் வாங்கிக் கொடுத்தால் அது செலவுக்குத்தான், சம்பளம் ஆகாது.

இந்தக் கடற்கரையில் ஊருக்கு ஒரு 'ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்' இருப்பது சாதாரணம். ஒரு அறை, ஒரு கேரம் போர்டு, அலமாரியில் கோப்பைகள். திருவிழாவுக்கு டோர்னமென்ட் நடத்துவதும் அவர்களே, வெள்ளம் வந்தால் ஆட்களைத் தூக்கி வருவதும் அவர்களே. செலவு ஊர் வசூலில் நடக்கும். கோச் என்பவர் பெரும்பாலும் முன்பு நன்றாக ஆடிய ஒரு அண்ணன். அவருக்கும் சம்பளம் கிடையாது.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலிலும் அச்சு அசல் இதே மாதிரி ஒரு அமைப்பு இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு 'விளையாட்டு, கலாசாரச் சங்கம்'. மழைக்கால விடுமுறையில் இந்தச் சங்கங்கள் மோதும் போட்டிக்கு 'நவெத்தான்' என்று பெயர். வீரர்கள் அமெச்சூர்கள். ஆனால், தொழில்முறை லீக் ஆட்டங்களைவிட இதற்குத்தான் கூட்டம் அதிகம். கடலோர நாடு, மீன்பிடித் தொழில், பேட்டைக்கு ஒரு கிளப் என எல்லாமே நமக்குத் தெரிந்த கதைதான்.

வீரர் போனால் கிளப்புக்குக் காசு வர வேண்டாமா?

வர வேண்டும். விதி இருக்கிறது. இதுதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம்.

ஃபிஃபா இரண்டு வழி வைத்திருக்கிறது. முதலாவது, பயிற்சி இழப்பீடு. ஒரு வீரர் முதல்முறையாகத் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது, 12 வயதிலிருந்து அவரைப் பயிற்றுவித்த கிளப்களுக்கு, எடுத்துக்கொள்ளும் கிளப் பணம் தர வேண்டும். இரண்டாவது, ஒருமைப்பாட்டுப் பங்கு. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு விலை பேசி மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துத் தரப்படும். 12 முதல் 15 வயது வரை வருடத்துக்கு 0.25 சதவீதம். 16 முதல் 23 வரை வருடத்துக்கு 0.5 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீரர் 1 கோடி ரூபாய்க்கு வெளிநாட்டு கிளப்புக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 முதல் 17 வயது வரை, அதாவது 6 சீசன், அவர் ஊர் கிளப்பில் இருந்தார். முதல் 4 சீசனுக்கு 1 சதவீதம், அடுத்த 2 சீசனுக்கு 1 சதவீதம். மொத்தம் 2 சதவீதம், 2 லட்சம் ரூபாய். ஒரு கடற்கரை கிளப்புக்கு இது பந்து, ஷூ, லீக் கட்டணம், பஸ் வாடகை எல்லாவற்றையும் தாங்கும் காசு.

'இந்திய வீரர் எங்கே வெளிநாட்டுக்குப் போகப் போறார்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உள்நாட்டு மாற்றத்துக்கும் வளர்த்த கிளப்களுக்குப் பலன் தரும் ஒரு முறையை ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனமும் வைத்திருக்க வேண்டும் என்று ஃபிஃபா விதியே சொல்கிறது. ஆனால், எந்த முறையாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பையன் உங்கள் கிளப்பில் பதிவாகி இருந்தானா?

பதிவுதான் எல்லாமா?

ஆமாம். ஏ.ஐ.எஃப்.எஃப்.பிடம் 'சி.ஆர்.எஸ்.' என்ற மையப் பதிவு முறை இருக்கிறது. ஆன்லைனில் வீரரின் பெயர், வயதுச் சான்று, கிளப் ஆகியவை ஏறும். இதிலிருந்துதான் 'பிளேயர் பாஸ்போர்ட்' உருவாகும். 12 வயதிலிருந்து எந்த சீசனில் எந்த கிளப்பில் இருந்தார் என்ற பட்டியல் அது. பணத்தைப் பிரிக்கும்போது பார்ப்பது இதை மட்டும்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஊர் கிளப்பில் 8 வயதிலிருந்து 15 வயது வரை ஆடிய பையன், அந்த 7 வருடமும் கோயில் திருவிழா டோர்னமென்டிலும் கடற்கரை ஆட்டத்திலும்தான் ஆடியிருப்பான். சி.ஆர்.எஸ். பதிவு கிடையாது. 15 வயதில் நகரத்து அகாடமி ஒன்று எடுத்துக்கொள்ளும். அவர்கள் முதல் நாளே பதிவு போடுவார்கள். பாஸ்போர்ட்டில் அவன் கால்பந்து வாழ்க்கையே அங்கேதான் ஆரம்பிக்கும். ஊர் கிளப்பின் பெயர் எங்கேயும் இருக்காது. இதில் அகாடமி எந்தத் தப்பும் செய்யவில்லை. காகிதம் இல்லாத உழைப்பு கணக்கில் வராது, அவ்வளவுதான்.

எல்லை ஊர்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வீரர் ஒரு கிளப்பில் மட்டும்தான் பதிவாகி இருக்க முடியும். நீரோடிப் பையன் பொழியூர் அணிக்குத் திருவிழா மேட்ச் ஆடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால், குமரி மாவட்ட லீகில் பதிவு வைத்துக்கொண்டே திருவனந்தபுரம் லீகில் இறங்க முடியாது. முறைப்படி கிளப் மாற்றம் வாங்க வேண்டும், அதுவும் மாநிலம் விட்டு மாநிலம். மாநில அணித் தேர்வும் பதிவைச் சுற்றித்தான் நடக்கிறது. நடந்தே போகிற தூரத்துக்கு இவ்வளவு காகிதமா என்று தோன்றும். ஆனால், அந்தக் காகிதம்தான் நாளை பையன் கேரளாவுக்கு ஆடுவானா, தமிழ்நாட்டுக்கு ஆடுவானா என்பதை முடிவு செய்கிறது.

அப்போது ஏன் எல்லோரும் செவன்ஸுக்குப் போகிறார்கள்?

காசுக்காகத்தான். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. அணிக்கு 7 பேர், சின்ன மைதானம், ராத்திரி வெளிச்சத்தில் ஆட்டம், கேலரி நிறையக் கூட்டம். மலப்புறம், கோழிக்கோடு பக்கம் இது பெரிய தொழில். கானா, நைஜீரியா, லைபீரியா, ஐவரி கோஸ்ட் நாடுகளிலிருந்து வீரர்கள் வந்து ஒரு சீசன் முழுக்க ஆடிவிட்டுப் போகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் சின்ன கிளப்களில் வளர்ந்தவர்களுக்கும் பொழியூர் பையனுக்கும் அங்கே ஒரே சம்பள முறை: மேட்சுக்கு இவ்வளவு.

ஆனால், செவன்ஸுக்கு ஏ.ஐ.எஃப்.எஃப். அங்கீகாரம் கிடையாது. அங்கே எத்தனை கோல் அடித்தாலும் பாஸ்போர்ட்டில் ஏறாது. முட்டி போனால் கேட்க எந்த ஒப்பந்தமும் இல்லை. ராத்திரிக்கு ராத்திரி கைக்காசு வரும்போது, மாவட்ட லீகில் வெயிலில் இலவசமாக ஆடு என்று சொல்ல ஊர் கிளப்புக்கு எந்தப் பிடியும் இருக்காது. வீட்டில் கடன் இருக்கிற பையனிடம் அப்படிச் சொல்வதும் நியாயமில்லை.

வேலை எங்கே வருகிறது?

இந்த ஊர்களில் கால்பந்தின் உண்மையான பரிசு கோப்பையும் இல்லை, ஐ.எஸ்.எல். ஒப்பந்தமும் இல்லை. அரசு வேலை. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர், கேரள போலீஸ், மின்வாரியம், டைட்டானியம், ஏ.ஜி. ஆபீஸ் போன்ற அணிகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்த காலம் ஒன்று இருந்தது. சந்தோஷ் டிராபி சான்றிதழ் இருந்தால் அந்தக் கதவு திறக்கும். திருவிதாங்கூர் பேங்க் 2017 ஏப்ரல் 1 அன்று எஸ்.பி.ஐ.யுடன் இணைந்தது. அடுத்த ஆண்டு கோப்பை வென்ற கேரள அணியில் சீசன் உட்படப் பல வீரர்கள் எஸ்.பி.ஐ. ஆட்கள்.

மீனவக் குடும்பத்துக்கு இதன் அர்த்தம் என்ன என்பதை 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் காட்டியது. பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர், தூத்தூர், வள்ளவிளை என்று எல்லையின் இருபக்கமும் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அதற்கு 4 மாதம் கழித்துத்தான் கொல்கத்தா இறுதிப் போட்டி. மகன் கடலுக்குப் போகாமல் மாதச் சம்பளத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு அம்மா நினைப்பதற்கு இங்கே காரணம் சொல்லத் தேவையில்லை. படிப்புக்கு அடுத்து அதற்கு இருக்கும் இன்னொரு வழி, பந்து.

மைதானத்துக்கு என்ன ஆனது?

பதிவு என்பது பாதிப் பிரச்சனை. மீதிப் பாதி கடல். இங்கே மைதானம் என்பதே கடற்கரைதான். மணலில் ஓடிப் பழகிய கால் புல்தரையில் பறக்கும் என்பது கோச்களின் நம்பிக்கை.

கரையில் மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அலையோடு கரையை ஒட்டி நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே கல் போட்டுத் தடுப்போ அலைத்தடுப்புச் சுவரோ கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும். மறுபக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராது, அங்கே கடல் உள்ளே வரும். தமிழ்நாட்டுப் பக்கம் நீரோடி வரை போட்ட கல் தடுப்புகளால்தான் தங்கள் கரை போகிறது என்பது பொழியூர், தெற்கு கொல்லங்கோடு மக்களின் நீண்ட நாள் புகார். ரோடும் வீடுகளும் கடலுக்குள் போயிருக்கின்றன. 2024-25 கேரள பட்ஜெட்டில் பொழியூரில் புதிய மீன்பிடித் துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

கரையிலிருந்து 50 மீட்டருக்குள் வசிக்கும் குடும்பங்கள் உள்ளே நகர, கேரள அரசின் 'புனர்கேஹம்' திட்டம் வீட்டுக்கு 10 லட்சம் ரூபாய் தருகிறது. உயிருக்குப் பாதுகாப்பு, சரி. ஆனால், நிலம் கிடைக்கிற இடத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு திசையில் போகும். சாயங்காலம் ஒரு விசில் அடித்தால் 30 பையன்கள் ஓடிவரும் ஊர் அப்போது இருக்காது. ஊர் கலைந்தால் கிளப்பும் கலையும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ பிறந்து இன்று டெக்னோபார்க், சென்னை, பெங்களூரு என்று வேலையில் இருப்பவரா? உங்கள் ஊர் கிளப்புக்குப் பந்து வாங்க 2,000 ரூபாய் அனுப்புவது நல்லது. அதைவிட நல்லது, உங்கள் லேப்டாப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.

முதலில், கிளப் சொசைட்டியாகப் பதிவாகி இருக்கிறதா, ஆண்டுக் கணக்கு தாக்கல் ஆகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 7 பேரைச் சேர்த்து அதை முடியுங்கள்.

அடுத்து, மாவட்டச் சங்கத்தில் இணைப்பு. அது கிடைத்ததும் 12 வயது ஆகும் பையன்களையும் பெண் பிள்ளைகளையும் சி.ஆர்.எஸ்.ஸில் ஏற்றுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்பது எல்லை ஊர்களில் அடிக்கடி வரும் தலைவலி. அதை 12 வயதிலேயே சரி செய்தால் 18 வயதில் அழ வேண்டாம்.

12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஏ.ஐ.எஃப்.எஃப்.பின் 'ப்ளூ கப்ஸ்' லீக் இருக்கிறது. ஊர் கிளப்களே நடத்தலாம். மூத்த வீரர் ஒருவரை 'டி லைசன்ஸ்' கோச்சிங் படிப்புக்கு அனுப்பும் செலவை நான்கு நண்பர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

உங்கள் கம்பெனியில் சி.எஸ்.ஆர். நிதி இருக்கிறதா? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 7-வது அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. ஆனால், அந்தப் பணத்தை கிளப் நேரடியாக வாங்க 12ஏ, 80ஜி பதிவும், சி.எஸ்.ஆர்-1 படிவமும் வேண்டும். மீன் பிடித்துவிட்டு வந்து கோச்சிங் கொடுக்கும் ஒருவரால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. அக்கவுண்ட்ஸ் தெரிந்த உங்களால் முடியும்.

பையனை செவன்ஸுக்குப் போகாதே என்று சொல்ல வேண்டாம். போவதற்கு முன்பு அவன் பெயர் ஊர் கிளப்பின் பெயரோடு ஒரு பதிவில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கரையைக் காப்பாற்ற இரண்டு மாநில அரசுகள் பேச வேண்டும், அதற்குக் காலம் ஆகும். இந்தப் பதிவுக்கு யாரும் பேச வேண்டியதில்லை. அடுத்த சீசன் பதிவு தொடங்கும் முன் ஒருவர் உட்கார்ந்து செய்தால் போதும்.